வித்தியாதரிசி வரும் நாளில் நல்லபிள்ளை

2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பின்ஸ்பை என்னும் வேவு மென்பொருள் மியன்மாரிலே இயங்கியதற்கான தடங்களைக் கஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்து, அடுத்த மாதமே அதனை உலகுக்கு அறிவித்தனர். ஜேர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த பின்பிஷர் என்ற நிறுவனம் அரசாங்கங்களுக்கென்றே செய்து விற்று வந்த சரக்கு அது. கைத்தொலைபேசியினுள் அது குடிபுகுந்துவிட்டால், உரியவரின் தொடர்பு இலக்கங்கள், குறுஞ்செய்திகள், புகைப்படங்கள், அவர் நிற்கும் இடம், வட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றில் அவர் நடத்தும் உரையாடல்கள் யாவும் வேவு பார்ப்பவரின் கைக்குப் போய்ச் சேரும்.

மியன்மார் என்றால் எமது முதியோருக்குப் பர்மா. யாங்கோன் என்றால் ரங்கூன். 1942இல் யப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி அந்நகரை விட்டுக் கால்நடையாகவே இந்திய எல்லையை நோக்கிச் சென்றோரிலும், 1962இன் பின்னர் நே வின் ஆட்சியிலே கடைகண்ணிகளைப் பறிகொடுத்துக் கப்பலேறியோரிலும் தமிழர் பலர். 1871இல் தமிழர் எழுப்பிய காளி கோயில் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கின்றது. ஆகவே ரங்கூனின் சங்கதி எமக்கு அந்நியச் சங்கதி அன்று.

எனினும் இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது வரலாறு அன்று. இத்தகைய மென்பொருள்கள் ஒரு கணினியினுள் காலடி வைத்ததும் முதன்முதலில் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை. "நான் நிற்பது மெய்யான கணினியிலா, அல்லது என்னைப் பிடித்து ஆராய்வதற்கென்று கட்டி வைத்த பொய்க் கணினியிலா?" என்பதே அக்கேள்வி. எம் குடும்பங்களிலே, "ஸ்கான் பண்ணிப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்று சொன்னது" என்று கூறிக்கொண்டு, வந்த கோப்பைத் திறப்போர் பலர். அந்த "ஒன்றுமில்லை" என்ற பதிலின் பெறுமதி எவ்வளவு என்பதனை அறிவதற்கு இக்கேள்வியை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கல்வி அதிகாரி, பழைய வழக்கிலே வித்தியாதரிசி, பாடசாலைக்கு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். கரும்பலகை கழுவப்பட்டிருக்கும். குழப்படிகாரப் பிள்ளை தலைவாரி முன்வரிசையில் அமர்ந்திருக்கும். அதிகாரி எழுதிச் செல்லும் அறிக்கையில் அவ்வகுப்பிலே குறையொன்றும் இராது. அவரது கார் படலையைத் தாண்டியதும் வகுப்பு பழைய வகுப்பாகிவிடும். அதிகாரி பொய் எழுதவில்லை. அவர் கண்டதைத்தான் எழுதினார். வந்திருப்பவர் அதிகாரி என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவே.

கணினி உலகிலே அந்த அதிகாரியின் வேலையைச் செய்வது மெய்நிகர் கணினி. ஒரு கணினியின் உள்ளே, மென்பொருளினால் மட்டும் உருவாக்கப்படும் இன்னொரு கணினி அது. அதற்கும் செயலி, நினைவகம், வன்தட்டு, வலையட்டை எல்லாம் உண்டு. ஆனால் எதுவும் கையால் தொடக்கூடியதன்று. உள்ளே ஓடும் விண்டோஸ், தான் ஒரு முழு இயந்திரத்தை ஆள்வதாக எண்ணிக்கொண்டிருக்கும். இது புதிய எண்ணமன்று. ஐ.பி.எம். நிறுவனம் ஒரு பேரியந்திரத்தைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்கான வீஎம்/370 என்னும் முறைமையை 1972இலேயே அறிவித்துவிட்டது. வீட்டுக் கணினிக்கு அது இறங்கி வந்தது 1999இல், வீஎம்வேர் நிறுவனத்தின் முதல் மென்பொருளுடன்.

வைரஸ் ஆய்வாளர்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஐயத்துக்குரிய கோப்பை மெய்நிகர் கணினியினுள்ளே திறந்துவிட்டு, அது எந்தக் கோப்பைத் தொடுகின்றது, எந்த முகவரியுடன் பேசுகின்றது என்று வெளியே நின்று கவனிக்கலாம். அது எதை நாசமாக்கினாலும் கவலையில்லை. முழுக் கணினியையும் அழித்து, மறுகணம் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடலாம். நாள்தோறும் வந்து குவியும் ஏராளமான கோப்புகளைத் தானியங்கியாகச் சோதிப்பதற்கு இதுவே வழி. ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கப்படுவது பெரும்பாலும் சில நிமிடங்கள்தாம். எனவே, தீநிரல் எழுதுவோர் கண்ட மிக மலிவான தந்திரம் உறக்கம். அரைமணி நேரம் சும்மா கிடந்தால் பரிசோதகர் கோப்பை மூடிவிட்டுப் போய்விடுவார்.

உறக்கத்தை விட நுட்பமானவை கேள்விகள். இவற்றை வாசிக்கும்போது, அகதி விண்ணப்ப விசாரணை மேசைக்கு முன்னால் அமர்ந்த அனுபவமுள்ள எம்மவர்க்கு ஏதோ பழகிய சங்கதி போலத் தோன்றும். உங்கள் ஊரின் தபாற்கந்தோர் சந்தியிலிருந்து எந்தப் பக்கம்? வைரவர் கோயில் எந்தத் திசையைப் பார்த்தது? ஊரிலே வாழ்ந்தவனுக்குத் தெரிந்திருக்கும், ஊரைப் படத்திலே பார்த்தவனுக்குத் தெரியாது என்ற கணக்கிலே கேட்கப்படும் சின்னஞ்சிறு கேள்விகள். தீநிரல் கணினியை விசாரிப்பதும் அவ்வாறே.

முதலாவது கேள்வி, உன்னைச் செய்தவர் யார்? மேசையிலுள்ள கணினியானால் டெல் என்றோ லெனோவோ என்றோ பதில் வரும். வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற இலவச மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினியோ, தன்னைச் செய்தது இன்னோடெக் என்று சொல்லும். அந்தச் சிறிய ஜேர்மன் நிறுவனத்தை 2008இல் சன் நிறுவனம் வாங்கி, சன்னை 2010இல் ஒரக்கிள் வாங்கி, பெயரே மறைந்து போயிற்று. ஆனாலும் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பழைய பெயரே நின்று காட்டிக்கொடுக்கின்றது. அடுத்தது வலையட்டையின் இலக்கம். ஒவ்வொரு வலையட்டைக்கும் ஆறு பகுதி கொண்ட இலக்கமொன்று உண்டு. முதல் மூன்று பகுதிகள் உற்பத்தியாளரைக் குறிப்பன. 08-00-27 என்று தொடங்கினால் வேர்ச்சுவல் பொக்ஸ். 00-0சீ-29 என்றால் வீஎம்வேர். செயலியையே நேரில் கேட்கும் வழியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கட்டளையைக் கொடுத்தால், மெய்நிகர் கணினிகள் பலவும் தம்மை ஆளும் மென்பொருளின் பெயரைப் பன்னிரண்டு எழுத்துகளில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். அவை ஏமாற்றுவதற்கென்று செய்யப்பட்டவை அல்லவே! அலுவலகப் பாவனைக்கென்று செய்யப்பட்டவை. பெயரைச் சொல்வதில் அவற்றுக்கு வெட்கமில்லை.

பெயரை மாற்றிச் சொல்லப் பழக்கினாலும் நேரம் காட்டிக்கொடுக்கும். சில கட்டளைகளுக்கு மெய்நிகர் கணினி தானாகப் பதில் சொல்ல இயலாது. வெளியே நிற்கும் மேற்பார்வை மென்பொருளிடம் போய்த் திரும்ப வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஊடாகப் பதில் சொல்பவர் போல, விடை சரியாக இருந்தாலும் சற்றுத் தாமதித்தே வரும். அத்தாமதத்தைத் தீநிரல் அளந்து பார்க்கின்றது.

இனி, ஆள் வாழ்ந்த வீடா என்று பார்க்கும் வகை. வன்தட்டு மிகச் சிறியதாக இருக்கின்றதா? அண்மையில் திறந்த கோப்புகள் எவையேனும் உண்டா? சுட்டி அசைகின்றதா? 2012இல் வெளிப்பட்ட அப்கிளிக்கர் என்னும் தீநிரல், சுட்டியின் இடது பொத்தானை யாரேனும் அழுத்தும் வரை மூச்சுக் காட்டாமலே கிடந்தது. தானியங்கிப் பரிசோதனை அறையிலே அழுத்துவதற்கு யார் இருப்பார்?

எல்லாவற்றிலும் எம்மை வியக்க வைத்தது கிராவிற்றிராற் என்பதன் தந்திரமே. இந்தியாவிலுள்ள கணினிகளைக் குறிவைத்து ஏவப்பட்ட இத்தீநிரலைச் சிஸ்கோ நிறுவனத்தின் ராலோஸ் ஆய்வுப் பிரிவு 2018 ஏப்ரலில் அலசி வெளியிட்டது. மெய்நிகர் கணினியை இனங்காண அது ஏழு வழிகளைக் கையாண்டதாம். அவற்றுள் ஒன்று, உடல் வெப்பம் பார்ப்பது! உண்மையான செயலி ஓடினால் சூடாகும். சூட்டை அளக்கும் உணரி அதனருகே இருக்கும். மென்பொருளால் ஆன செயலிக்கு ஏது சூடு? வெப்பநிலை என்ன என்ற கேள்விக்கு மெய்நிகர் கணினிகள் பலவற்றில் பதிலே வருவதில்லை. பதில் வராவிடின் தீநிரல் நல்லபிள்ளையாகிவிடும்.

ஆனால் இதில் ஒரு விசித்திரமும் உண்டு. மெய்யான கணினிகளிலும் சில இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று அதே ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். இரும்பும் செம்புமாய் மேசையில் இருக்கும் இயந்திரம், தன் சூட்டைச் சொல்லத் தெரியாத காரணத்தால் பொய்யென்று தள்ளப்படுகின்றது. பிறந்து வளர்ந்த ஊரின் ஒழுங்கைப் பெயரைப் பதற்றத்தில் மறந்து விழித்தவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்கலையின் பழைய கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகின்றோம். போலந்து நாட்டு ஆய்வாளர் யோவன்னா ருட்கோவ்ஸ்கா 2004ஆம் ஆண்டிலே, ஒரேயொரு செயலிக் கட்டளையைக் கொண்டு மெய்நிகர் கணினியை இனங்காணும் சிறு நிரலை வெளியிட்டு, அதற்குச் சிவப்பு மாத்திரை என்று பெயரிட்டார். மேட்ரிக்ஸ் திரைப்படத்தில், கனவுலகில் வாழ்பவன் விழித்தெழுவதற்காக விழுங்கும் மாத்திரை அது. செயலி தனது முக்கிய அட்டவணையொன்றை நினைவகத்தின் எவ்விடத்தில் வைத்திருக்கின்றது என்று கேட்பதே அவரது உத்தி. வெளியே உள்ள மெய்க் கணினி வழக்கமான இடத்தை முன்னரே பிடித்துக்கொண்டிருப்பதால், உள்ளே உள்ளதன் அட்டவணை வேறெங்கோ ஒதுங்கியிருக்கும். பின்னாளில் செயலிகளின் அமைப்பு மாறியதால் அம்மாத்திரை வலுவிழந்தது. ஆனால் 2007இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், எத்தனை பாடுபட்டாலும் இனங்காண முடியாத மெய்நிகர் கணினியைச் செய்வது நடைமுறையில் ஆகாத காரியம் என்று வாதித்தனர். இன்றளவும் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எமக்குப் படுகின்றது. ஒரு பொய்யை மூடினால் இன்னொரு மூலையில் வேறொன்று தலைகாட்டும்.

இப்போது பின்ஸ்பைக்குத் திரும்புவோம். மியன்மாரிலே கண்டது அதன் கைத்தொலைபேசி வடிவம். விண்டோஸ் கணினிகளுக்கான வடிவமோ 2018இன் பின் ஆய்வாளர் கண்ணில் படுவதே அரிதாயிற்று. ஓய்ந்துவிட்டது என்று எண்ணுவதற்கும் இடமிருந்தது. உண்மையில் அது தன் வாசலிலே காவல் வைத்துக்கொண்டிருந்தது. எட்டு மாத உழைப்பின் பின், 2021 செப்டம்பரில் கஸ்பர்ஸ்கி ஆய்வாளர் வெளியிட்டது இதுதான். ரீம்வியூவர், வீஎல்சி, வின்றார் ஆகிய, எம்மவர் அனைவரும் பாவிக்கும் மென்பொருள்களின் நிறுவற் கோப்புகளிலே சிறியதொரு பகுதி செருகப்பட்டிருந்தது. அது முதலில், இந்தக் கணினி ஆய்வாளருடையதா என்று சோதிக்கும். ஆம் என்று ஐயம் தோன்றினால் அத்துடன் நின்றுவிடும். பரிசோதகர் கையில் அகப்படுவது வெறும் வாசற்படி மட்டுமே. இல்லையென்றால் இரண்டாவது காவல் வந்து, இவர் நாம் தேடும் ஆள்தானா என்று பார்க்கும். இரண்டு வாசலையும் தாண்டிய பின்னரே முழு வேவு மென்பொருளும் அனுப்பப்படும். ஆகவே, சோதனைக்கூடம் ஒன்றிலே ஒன்றுமே செய்யாதிருந்த அதே கோப்பு, குறித்த ஒருவரின் வீட்டிலே எல்லாம் செய்யும். "ஒன்றுமில்லை" என்ற பதில், "என் முன்னிலையில் ஒன்றும் செய்யவில்லை" என்ற அளவுக்கே பொருளுடையது.

ரங்கூன் மக்களுக்கு இது எப்படிப்பட்ட ஆபத்து என்பதனை அறிய, அங்கு கைத்தொலைபேசி பரவிய விதத்தை அறிதல் வேண்டும். நீண்ட காலம் அந்நாட்டிலே ஒரு சிம் அட்டையின் விலை நூற்றுக்கணக்கான டொலர். 2014இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு வந்திறங்கியதும் அதே அட்டை 1,500 சாட்டுக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டொலருக்கு, வந்துவிட்டது. ஒரு தலைமுறையே மேசைக் கணினியைக் காணாமல் நேரே கைத்தொலைபேசிக்குத் தாவிற்று. இணையச் செலவை மிச்சம் பிடிப்பதற்காகச் செயலிகளைக் கடைக்காரரே ஒரு தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு நேராக மாற்றிக் கொடுப்பதும், முகநூல் கணக்கைக்கூட அவரே திறந்து கொடுப்பதும் வழக்கமாயிற்று. செயலி எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு அங்கே இடமே இருக்கவில்லை.

எழுத்துருச் சங்கதி இன்னும் சுவையானது; எமக்கு மிக நெருக்கமானதும்கூட. பர்மிய மொழியை எழுத அங்கு நெடுங்காலம் சவ்ஜி என்ற எழுத்துருவே கோலோச்சியது. அது யுனிகோட் முறைக்கு ஒத்துவராதது. 2019 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து நாடு யுனிகோட்டுக்கு மாறுவதென அரசு அறிவித்தது. ஒரு முறையில் எழுதியது மறுமுறையில் குப்பையாகத் தெரிய, மக்கள் எழுத்துருக்களைத் தேடி அலைந்தார்கள். பாமினி எழுத்துருவை நெகிழ்தட்டில் ஏற்றி ஊர் ஊராகக் கைமாற்றிய எமக்கு அத்தவிப்புப் புதிதா? எழுத்து வாசிக்கக் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் எதனையும் இறக்கிக்கொள்வோம். அந்த அவசரத்தின் மேலேதான் வலை விரிக்கப்பட்டது. 2021 ஜூன் மாதத்தில் ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம், மியன்மார் ஜனாதிபதி அலுவலகத்தின் இணையத்தளத்திலேயே, தரவிறக்குவதற்கென வைக்கப்பட்டிருந்த பர்மிய எழுத்துருப் பொதியினுள் தீநிரல் செருகப்பட்டிருந்ததை வெளிப்படுத்தியது. அதே தளம் 2015இலும் இவ்வாறு ஊடுருவப்பட்டிருந்ததாகப் பாலோ ஆல்ற்ரோ நெற்வேர்க்ஸ் நிறுவனம் அவ்வாண்டிலேயே அறிவித்திருந்தது. அரசின் தலைவாசலில் கிடந்த கோப்பையே நம்ப முடியாதென்றால், உறவினரின் உறவினர் அனுப்பிய கோப்பைப் பற்றி என்ன சொல்ல!

அதே 2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், ரங்கூன் வீதித் தடைகளிலே கைத்தொலைபேசியைத் திறந்து காட்டச் சொல்வது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. படங்களை அழித்தவர்கள், முகநூலை நீக்கியவர்கள், காட்டுவதற்கென்றே இரண்டாவது தொலைபேசி வைத்துக்கொண்டவர்கள் பலர். வாழ்ந்த சுவடு இல்லாமல் துடைத்து வைத்த தொலைபேசியும் ஐயத்துக்கு இடந்தருவதுதானே! மென்பொருள் கணினியிடம் கேட்கும் அதே கேள்வியைத்தான் அங்கு துவக்கு ஏந்தியவன் மனிதனிடம் கேட்டான்: இது மெய்யாக நீ பாவிக்கும் பொருளா, எனக்காக வைத்திருக்கும் பொருளா?

இவற்றின் இறுதி விளைவைக் காட்டும் ஒரு செய்தி 2022 டிசம்பரில் வந்தது. மஸ்ராங் பண்டா என்ற பெயரால் ஆய்வாளர் குறிக்கும் குழுவினர் களவெடுத்த கோப்புகளைத் தற்காலிகமாகக் குவித்து வைத்திருந்த ஒரு வழங்கியை அவாஸ்ற் நிறுவனம் கண்டது. அங்கே பர்மிய அரச நிறுவனங்களினதும் மனித உரிமைச் செயற்பாட்டாளரினதும் ஆவணங்கள் இருந்தன. அத்துடன், பர்மிய விசாவுக்கு விண்ணப்பித்த பல நாட்டவரின் கடவுச்சீட்டுப் பிரதிகளும் இருந்தன. அவ்விண்ணப்பதாரர் தமது கணினியில் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. அவர்களது பிரதி போய்ச் சேர்ந்த இடத்துக் கணினி பீடிக்கப்பட்டிருந்தால் போதும். ஒவ்வொரு படிவத்துடனும் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பிரதியெடுத்து அனுப்பியே காலம் தள்ளுகின்ற எம் குடும்பங்கள், இச்செய்தியை இரு தடவை வாசித்தல் நன்று.

மெய்நிகர் கணினியை இனங்காண்பது தீயோருக்கு மட்டும் உரிய கலையன்று என்பதனையும் சொல்ல வேண்டும். கணினியிலே பரீட்சை எழுதுவோருக்கென்று சுவிற்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்ட சேஃப் எக்ஸாம் பிரவுசர் என்ற மென்பொருள், மெய்நிகர் கணினியினுள் தான் ஓடுவதாகக் கண்டால் பரீட்சையைத் தொடங்க மறுக்கும். உள்ளே வினாத்தாளையும் வெளியே புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொள்ளும் கெட்டித்தனத்தை அது அறியும். பிள்ளையின் கணினியில் இத்தகைய மறுப்பு வந்தால் அழ வேண்டியதில்லை. கட்டளைச் சாளரத்தைத் திறந்து சிஸ்டம் இன்ஃபோ என்னும் கட்டளையை இடைவெளியின்றித் தட்டினால், கணினியைச் செய்தவர் பெயரும், மேற்பார்வை மென்பொருள் உண்டா இல்லையா என்பதும் வரும். ஆனால் விண்டோஸ் 11 தன் பாதுகாப்புக்காகத் தானே அத்தகைய மென்பொருளை இயக்குவதுண்டு. ஆகையால் "உண்டு" என்ற பதிலை மட்டும் வைத்துப் பிள்ளையைக் குற்றம் சாட்டலாகாது. செய்தவர் பெயரைப் பாருங்கள்.

தீநிரல் எழுதுவோர்க்கும் இப்போது ஒரு சங்கடம் நேர்ந்திருக்கின்றது. இன்று வங்கிகளும் அலுவலகங்களும் தமது அன்றாட வேலைக்கே மெய்நிகர் கணினிகளை ஓட்டுகின்றன. மெய்நிகர் என்று கண்டதும் ஒதுங்கினால் கொழுத்த இரை தப்பிப்போகும். எனவே சில தீநிரல்கள் அக்கேள்வியையே கைவிட்டுவிட்டன. பாதுகாப்பாளரில் சிலரோ மெய்யான கணினிகளிலே மெய்நிகர் அடையாளங்களை வேண்டுமென்றே ஒட்டி வைத்து, வயலில் வெருளி நிறுத்துவது போலத் தீநிரலை விரட்டிப் பார்க்கின்றனர்.

பின்பிஷர் நிறுவனம் 2022இல் வங்குரோத்தாயிற்று. அனுமதியின்றித் துருக்கிக்கு விற்ற குற்றச்சாட்டிலே அதன் முன்னாள் பொறுப்பாளர் நால்வர் மீது மியூனிக் அரச வழக்குத்தொடுநர் 2023 மே மாதத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தனர். ஆனால் அது கையாண்ட வாசற்காவல் முறை அதனுடன் ஒழிந்து போகவில்லை.

வாசகர் செய்யத்தக்கது சிறிதே. வைரஸ் மென்பொருளை நீக்கச் சொல்லவில்லை. பழைய தீநிரல்களை அது பிடிக்கும், இருக்கட்டும். ஆனால் அது பச்சை விளக்குக் காட்டினாலும், கோப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விட்டுவிடலாகாது. வீஎல்சியோ வின்றாரோ தேவையெனில் அதனைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். நண்பர் தந்த பென்டிரைவிலிருந்து வேண்டாம். கைத்தொலைபேசிக்கான செயலி, குறுஞ்செய்தியில் வந்த இணைப்பின் வழியே வேண்டாம். கடவுச்சீட்டுப் பிரதி கேட்பவரிடம், எதற்கென்று கேளுங்கள். அனுப்பிய பின் உங்கள் அஞ்சற்பெட்டியில் கிடக்கும் பிரதியை அழியுங்கள். எழுத்துருவைத் தேடி எங்கும் அலையவும் வேண்டியதில்லை. தமிழுக்கு நிர்மலா, பர்மிய மொழிக்கு மியன்மார் ரெக்ஸ்ற் என்ற இரண்டும் இன்றைய விண்டோஸிலேயே இருக்கின்றன.